கடலுக்கடியில் ஒரு கப்பல் பார்த்தேன்

திருகோணமலை என்றால் வெளியூரவர்களுக்குக் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை. இவற்றைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இந்த ஊரின் கதையில் ஒரு பங்கு தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் முப்பது வயது தாண்டிய பிறகுதான் தெரியவந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதும் அதை யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் உள்ள ஓர் அக்கா கேட்ட கேள்விதான் என்னை அங்கே கொண்டு போனது.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. 1996ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை வலையோடு போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. கூடப் போனவரும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. அதன் பிறகு விசாரணை என்று கூப்பிட்ட இடமெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கடிதங்களைச் சுற்றிக்கொண்டு போய் வந்தவர் அவர். இப்போது இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறார். குழுக் கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு அங்கத்தவர் தன் அக்காவின் மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். நிலாவெளிப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய் மூழ்கின கப்பல்களைக் காட்டுவதுதான் அந்தத் தம்பியின் தொழிலாம். எல்லோரும் சிரித்தார்கள். "காசு குடுத்துக் கடலுக்க போய்க் கறள் பிடிச்ச இரும்பு பாக்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் அந்த அக்கா வாயைத் திறந்தார்.

"மிஸ், அப்பிடிக் கீழ போறாக்கள் சின்ன வள்ளங்களையும் காணுவினமோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கேட்டுச் சொல்லுறன் அக்கா" என்றேன். சமூகப் பணியில் இருப்பவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு மறந்துவிடுவதுண்டு. இந்த முறை மறக்க முடியவில்லை.

அந்தத் தம்பியைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நான் சொல்லி நீங்கள் போய்ச் சொல்லுறதை விட, நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோவன் மிஸ்" என்றார். உள்ளூர் ஆளென்று கட்டணத்தைக் குறைத்தார். குறைத்த பிறகும் அது நான் கட்டிவந்த சீட்டுப் பணத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது ஏழைகளின் பொழுதுபோக்கு அல்ல.

காசை விடப் பெரிய தடை எனக்குள்ளேயே இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முதல் நாள் வரை கடலில் குதித்து நீந்திய பிள்ளை நான். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட நான் விட்டதில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "உனக்கென்ன விசரே? கடல் வந்து கூப்பிட்ட நேரம் தப்பி ஓடினனாங்கள், இப்ப நீ தேடிப் போறியோ?" என்றார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போனேன்.

திருகோணமலைக் கடல் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில்தான் இந்த வேலைக்கு ஒத்துவரும். வாடைக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளித்துக் கலங்கிவிடும். பயிற்சிக்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு போன்றவை இருந்தால் வைத்தியரின் அனுமதி வேண்டும். கர்ப்பிணிகள் போகவே கூடாது. 200 மீற்றர் நீந்திக் காட்டவும் பத்து நிமிடம் தண்ணீரில் மிதந்து காட்டவும் வேண்டும். முதல் நாள் ஐம்பது மீற்றரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாம் நாள் நீந்தி முடித்தேன்.

உடுப்பைப் பற்றி வாசகிகள் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு றப்பர் உடுப்பு. உடம்பை இறுக்கிப் பிடிக்கும். அதன்மேல் நான் ஒரு நீளக்கைச் சட்டை போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதை வாயில் கடித்துக்கொள்ளும் குழாயினால் இழுக்க வேண்டும். மூக்கால் சுவாசிக்க முடியாது. இடுப்பில் ஈயக்கட்டிகள். தரையில் நிற்கும்போது இந்தப் பாரத்தோடு இரண்டு அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. தண்ணீருக்குள் இறங்கினால் பாரமே தெரியாது.

பத்து மீற்றர் ஆழம் போனால் உடம்பின் மேலுள்ள அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். காது அடைக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதினால் திறக்கும். எந்தக் காரணம் கொண்டும் மூச்சை அடக்கக்கூடாது என்பதுதான் முதல் விதி. மேலே வரும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிவடைவதால், மூச்சை அடக்கியபடி வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். தண்ணீருக்குள் பேச முடியாது, கைச் சைகைதான். இதிலே எனக்கு ஒரு வேடிக்கை நடந்தது. கீழே போனதும் தம்பி "எப்படி?" என்று கையால் கேட்டார். "நல்லம்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். உடனே என் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்துவிட்டார்! அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று பொருள். நல்லம் என்பதற்கு விரல்களால் வட்டம் காட்ட வேண்டும்.

பயிற்சி முடிந்து இரண்டு நாள் கழித்து இறக்கக்கண்டிக் கடலில் கிடக்கும் கப்பலுக்குக் கூட்டிப் போனார். அதிக ஆழமில்லாத இடம். என்னைப்போல் புதியவர்களுக்கு ஏற்றது. பைபர் வள்ளத்தின் விளிம்பில் இருந்து முதுகுப்புறமாக விழ வேண்டும். விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது எங்கும் பச்சையும் நீலமும் கலந்த வெளிச்சம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க இறங்க, கீழே ஒரு நிழல் போலத் தெரிந்தது. பிறகு அது இரும்பு விலா எலும்புகளாயிற்று. மாடு செத்துக் காய்ந்து கிடக்கும் இடத்தில் விலா எலும்புகள் மண்ணிலிருந்து எழும்பி நிற்குமே, அப்படித்தான். ஆனால் அதில் ஓர் அங்குல இடம்கூட வெறுமையாக இல்லை. பவளமும் கடற்பஞ்சும் மட்டியும் ஒட்டி வளர்ந்திருந்தன. ஒரு பொந்துக்குள் அஞ்சாலை ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சிறு மீன்கள் கூட்டமாக ஒரு பக்கம் திரும்பின, எல்லாம் ஒன்றாக மறுபக்கம் திரும்பின. அவை நம்மைப் பொருட்படுத்தவே இல்லை.

கறள் பிடித்த தகடு ஒன்றில் என் விரல் இலேசாகக் கிழிந்தது. (எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள், நான்தான் தொட்டேன்.) வந்த இரத்தம் சிவப்பாக இல்லை. கரும்பச்சையாக இருந்தது. பயந்துபோய்த் தம்பியைப் பார்த்தேன். மேலே வந்த பிறகு விளங்கப்படுத்தினார். சூரிய ஒளியில் உள்ள நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் குடித்துவிடும். ஆழத்தில் இரத்தத்துக்கு நிறம் இல்லை. நமது மண்ணில் இவ்வளவு இரத்தத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டபோது என்னவோ செய்தது.

கரையில் தேநீர் குடித்தபடி மற்றக் கப்பல்களைப் பற்றிச் சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன். இந்த இயற்கைத் துறைமுகம் மிக ஆழமானது என்பதால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்காகச் சண்டையிட்டார்கள். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜப்பான் வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி காலை, திருகோணமலையில் போட்டார்கள். துறைமுகத்தில் நின்ற 'சாகைங்' என்ற கப்பல் தீப்பிடித்தது. பர்மாவில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. அடுத்த ஆண்டு அந்தக் கப்பலைத் தாழ்த்தி இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 75 வருடங்களுக்குப் பிறகு, 2018இல், கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் வேலை செய்து அதை மிதக்க வைத்து வேறிடத்தில் ஆழத்தில் இறக்கினார்கள். அதே துறைமுகத்தில் 1944 ஓகஸ்ட்டில், கப்பல்களைத் தூக்கித் திருத்தும் மிதக்கும் மேடையொன்று, 'வேலியன்ற்' என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது உடைந்து மூழ்கியது. சண்டை செய்யாமலும் கப்பல் தாழும் என்பதற்கு அது சாட்சி.

எல்லாவற்றிலும் பெரியது 'ஹேர்மஸ்'. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் அதுதான். குண்டுவீச்சுக்குத் தப்பட்டும் என்று முதல் நாளே திருகோணமலையிலிருந்து தெற்கே அனுப்பினார்கள். தப்பவில்லை. மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன. கொடுமை என்னவென்றால், அன்றைக்கு அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. குண்டுகள் விழத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே மூழ்கியது. கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்' என்பதும் மூழ்கியது. அந்த வழியால் வந்த 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. ஹேர்மஸில் இறந்தவர்கள் 307 பேர்.

ஹேர்மஸ் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. என்னைப் போலப் படித்தவர்களுக்கு 18 மீற்றர்தான் எல்லை. கூடப் படித்தவர்கள் 30 போகலாம். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கு 40க்குமேல் அனுமதியில்லை. அதற்கும் கீழே போவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அங்கே போய் வருபவர்கள் அதைக் கல்லறையாகவே மதித்து ஒன்றையும் எடுக்காமல் வருவார்களாம். இரும்புக்காக வெடிவைத்துச் சில கப்பல்களைச் சிதைத்தவர்களும் நம் நாட்டில் உண்டு.

307 என்ற அந்த எண் என்னைவிட்டுப் போகவில்லை. ஏறக்குறைய முந்நூறு என்று விடாமல் கடைசி ஏழு பேரையும் எண்ணியிருக்கிறார்கள். உடல் கிடைக்காத கடற்படையினருக்குப் பிரித்தானியாவில் மூன்று துறைமுக நகரங்களில் நினைவுத்தூண்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கே நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தையும் நீங்கள் பஸ்ஸில் போகும்போது கண்டிருப்பீர்கள். புல்லை வெட்டி, கல்லைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. பொறாமைதான் வந்தது.

நம்முடைய யுத்தமும் கடலுக்கடியில் கப்பலை விட்டுத்தான் போயிருக்கிறது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற சரக்குக் கப்பல் தாக்கப்பட்டது. உயிர்கள் போயின. இன்றைக்கு அதுவும் சுழியோடிகள் பார்க்கப்போகும் இடம். அதைப் பார்க்க வரும் பயணிக்கு அது பழைய கப்பல்களில் ஒன்று. நமக்கு அந்த வருடம் எப்படி இருந்தது என்று நமக்குத்தான் தெரியும்.

கடலடியைக் கண்டு சொன்னவர்களில் பலர் படித்த ஆராய்ச்சியாளர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைச் சுவாமி மலைக்குக் கீழே 1956இல் கண்டவர்கள், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். ஆனால் அம்பாந்தோட்டைக்கு அண்மையில் கொடவாயவில் ஈராயிரம் ஆண்டு பழைமையான கப்பலை 2003இல் முதலில் கண்டவர்கள் சங்கு குளிக்கப்போன சாதாரண மீனவர்கள். இந்து சமுத்திரத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கப்பல் அதுதான் என்கிறார்கள். கப்பல் கிடக்கும் இடத்தில் மீன் கூடும், வலை கொழுவும். அதனால் மீனவருக்கு முதலில் தெரியும்.

இங்கே ஒரு ராத்தாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவருடைய கணவர் அட்டை பிடிக்க சிலிண்டர் போட்டு இறங்குபவர். இப்போது நான்கு வருடமாகப் படுக்கையில். நான் இந்தப் பயிற்சிக்குப் போனதைக் கேள்விப்பட்டு, "நீங்க விளையாட்டுக்குப் போட்ட சாமான்தான் மிஸ் எங்கட மனிசனைப் படுக்கவெச்சது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் அது மெதுவாக வெளியேறும். விரைவாக வந்தால், சோடாப் போத்தலைப் படாரென்று திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழிகள் கிளம்பி நரம்பை அடைத்துவிடும். மூட்டு வலி, மரமரப்பு, பிறகு கால் வழங்காமல் போதல். எனக்கு நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக ஏறக்கூடாது, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும் என்று படிப்பித்தார்கள். அந்த மனிதருக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து சிலிண்டர், ஆறு சிலிண்டர் என்று இறங்கியிருக்கிறார். கால் மரத்ததும், திரும்ப இறக்கினால் சரிவரும் என்று கூட நின்றவர்கள் மறுபடி கடலில் இறக்கியிருக்கிறார்கள். அது மிகவும் ஆபத்தான வேலை. உங்கள் வீட்டிலும் கணவரோ மகனோ சிலிண்டர் போட்டு இறங்குபவராக இருந்தால், கரைக்கு வந்து மரத்தால், வலித்தால், தலை சுற்றினால், நேரத்தோடு ஆளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிலிண்டர் போட்டு இறங்கினவர் என்பதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை செய்யும் அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. மணித்தியாலங்கள் போகப் போகக் குணமாவது கடினம்.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் கைத்தொலைபேசியில் படம் காட்டினேன். கொரியாவில் ஜேஜு என்ற தீவில் சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியில் சங்கும் பாசியும் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், எழுபது வயதிலும் இறங்குகிறார்கள், 2016இல் யுனெஸ்கோ அவர்களைக் கௌரவித்தது என்று சொன்னபோது ஒருவரும் முதலில் நம்பவில்லை. அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

"நான் சின்ன வள்ளம் ஒண்டும் காணேல்லை அக்கா" என்றேன். தம்பியிடம் கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். மரம் என்றால் கடற்புழு குடைந்து தின்றுவிடும், மணலுக்குள் புதைந்தது மட்டும் மிஞ்சும். காலியில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பலில் மணல் மூடிய பகுதி இன்னும் இருக்கிறது. பைபரும் எஞ்சினும் கிடக்கக்கூடும். ஆனால் கடல் பெரிது, மனிதர் இறங்கிப் பார்த்த இடம் கையளவு.

அவர் தலையாட்டினார். பிறகு, "கீழ இருட்டோ?" என்று கேட்டார்.

"நான் போன இடத்தில இருட்டில்லை அக்கா. நல்ல வெளிச்சம். வெயில் கீழ வரைக்கும் கம்பி கம்பியா வருது. மணல் வெள்ளையா இருக்கு."

"குளிரோ?"

"பெரிசாக் குளிரேல்லை."

"சத்தம் ஏதும் கேக்குமோ?"

"எங்கட மூச்சுச் சத்தம்தான். கிளிமீன் பாரைக் கொறிக்கிறது கறுக் கறுக்கெண்டு கேக்கும்."

அக்கா இலேசாகச் சிரித்தார். "அந்தாளுக்குச் சத்தம் வேணும் மிஸ். ரேடியோ போடாமல் சாப்பிட இருக்கமாட்டார்" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசையில் வைத்து, அந்தக் கிழமைச் சேமிப்பைப் புத்தகத்தில் பதியச் சொன்னார்.